கழுவுதல்

திங்கள் வெள்ளை.
செவ்வாய் மஞ்சள், பின்னேரம் செம்மஞ்சள்.
புதன் சிவப்பு. வியாழன் நீலம்.
வெள்ளி இரவு வரை கறுப்பு.
மட்டக்குளியில், ஆறு கடலுக்குள் போகிற முனையில்,
வாளி வார்க்கிற ஐந்து மெஷின்களுக்கு
நான் எழுதிக்கொடுக்கிற கிழமை இது.

வெள்ளையிலிருந்து கறுப்புக்கு இறங்க
இருபது நிமிஷம் போதும்.
கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஏற
நாலு மணித்தியாலம், எழுபது கிலோ பிளாஸ்டிக்.
சூட்டுக்குழாயின் வாயால் கட்டிகட்டியாய்
மெஷின் கக்கித் தீர்க்கவேணும்.
அதற்குக் கழுவுதல் என்று பெயர்.
தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை.

விற்பனைப் பகுதி ருஷ்திக்கு இது விளங்காது.
"ஒரு ஐந்நூறு வெள்ளை மட்டும், இடையிலே"
என்று வியாழக்கிழமைதான் அவருக்கு வாய் வரும்,
பந்தியில் பாயாசம் முடிந்தபிறகு
பருப்புக் கேட்கிறவரைப்போல.

என் பலகையில் காந்தத் துண்டுகள்.
ஒவ்வொன்றும் ஒரு அச்சு, ஒரு நிறம், ஒரு ஷிஃப்ட்.
மூன்றாம் மெஷினில் எண்ணெய் ஒழுகும்,
ஆகையால் அங்கே மூடிகள் மட்டும்.
ஐந்தாவதை மல்காந்தி தவிர யார் தொட்டாலும்
விளிம்பு கோணிப்போகும்,
ஆகையால் மல்காந்தியின் லீவும்
எனக்கு ஒரு மெஷின் பழுது.

இரண்டு நிறத்துக்கு நடுவே பிறக்கிறவை
எந்தக் கணக்கிலும் சேராதவை.
மஞ்சள் போகாமல், சிவப்பு வராமல்
வயிற்றில் புகை சுழன்றதுபோல் வாளிகள்.
கழிவு என்று எழுதி அரவையில் போடுவோம்.
அவற்றைக் குறைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த வியாழன் மழை விடவேயில்லை.
களனி காலையில் பாலத்தூணின் மூன்றாம் கோட்டில்,
பின்னேரம் கோடே இல்லை.
ஆறு மணிக்கு ருஷ்தி.
குரலில் வழக்கமான சர்க்கரை இல்லை.
"நாலாயிரம் வாளி. விடியமுன்னம். முகாம்களுக்கு."
என்ன நிறம் என்றேன், பழக்கத்தில்.
"எந்த நிறமும்."

பதினொரு வருஷத்தில்
ஒரு ஓடரிலும் அந்தச் சொல்லைக் கண்டதில்லை.

காந்தங்களைக் கழற்றி மேசையில் குவித்தேன்.
பலகை அவ்வளவு பெரிதென்று அப்போதுதான் தெரிந்தது.
மூன்றாவதிலும் வாளி அச்சு ஏற்றச் சொன்னேன்.
எந்த மூட்டை கிழிந்து கிடந்ததோ அதிலிருந்து
அள்ளிக் கொட்டினார்கள்:
பழைய பச்சை, மிச்ச ஊதா, போன மாத அரவை.
நிறுத்தவில்லை. கழுவவில்லை.
காயம் ஆறுகிற நிறத்தில்,
கடல்வாயில் ஆறு கலக்கிற நிறத்தில்
ஒன்றைப்போல் ஒன்றில்லாமல் விழுந்தன.
தரம் பார்க்கிற தர்மசீலன்
தண்ணீர் ஊற்றி
ஒழுகுதா என்று மட்டும் பார்த்தார்.

மல்காந்தி ஷிஃப்ட் முடிந்தும் போகவில்லை.
வீட்டுப் படி மூன்றும் மூழ்கிவிட்டதை
வேறு யாருடையதோ போலச் சொன்னாள்,
விளிம்பை விரலால் தடவியபடியே.

மூன்றரைக்கு லொறி.
மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு.
நாலாயிரம் ஆகவில்லை.
மூன்றாம் மெஷின் இரண்டு மணிக்கே நின்றுபோனது,
நான் பயந்தபடியே.
என் கணக்குப் பிழைக்கவில்லை என்று
ஒரு சின்னச் சந்தோஷமும் வந்தது. மறைக்க மாட்டேன்.

அறிக்கையில் நிறத்துக்கு ஒரு கட்டம்.
வெறுமையாய் விட்டால் கணினி அடுத்த பக்கம் விடாது.
நீலம் என்று பொய் எழுதினேன்.
கழிவு: பூச்சியம்.
கணக்குப் பகுதி இரண்டு தரம் எடுத்துக் கேட்டது,
பூச்சியமா?

அடுத்த திங்கள், வெள்ளை.
ஆறு இறங்கியிருந்தது, மதிலில் சேற்றுக் கோடு.
குழாய் சுத்தம் என்றார்கள்.
ஆனாலும் வாளிகளின் அடியில்
மெல்லிய ஊதா நூல் ஒன்று
சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது,
அறுபத்தோராவது வரை.
விலை குறைத்துத் தள்ளலாமே என்றார் ருஷ்தி.
இல்லை என்றேன்.
அறுபத்தொன்றையும் அரவையில் போட்டுக்
குறித்துக்கொண்டேன்.

ஐந்தாம் மெஷினுக்கு நேரே
காந்தம் வைக்கவில்லை.
மல்காந்தி வீடு கழுவுகிறாள்.